நான் வாசித்துக் காட்டாத மனு

எங்கள் ஊரில் மின்கம்பம் சாய்ந்தாலும் சரி, யார் வீட்டிலாவது காதணி விழா என்றாலும் சரி, வாசகம் எழுதிக்கொடுக்க என்னிடம்தான் வருவார்கள். என் பெயர் சிவக்குமார். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகக் கிளார்க். ‘மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்’ என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு காரைக்கால் பக்கம் நெரவி சுற்றுவட்டாரத்தில் அறிவாளி என்று பெயர் வாங்கிவிட்டவன். அந்த வாக்கியம்கூட என்னுடையது இல்லை. எனக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்த நீலகண்டன் சார் விட்டுப்போன ஃபைலிலிருந்து எடுத்தது.

எழுதுவதோடு நிறுத்தியிருக்கலாம். பேசவும் செய்வேன். சில வருடங்களுக்கு முன்பு நவம்பர் ஒன்றாம் தேதி, புதுச்சேரி விடுதலை நாள் கொடியேற்றத்தில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்ததும் எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. ‘அரசுச் சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவரும் தன் பிள்ளையை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும்’ என்று முழங்கினேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. கூட்டத்தில் என் மனைவி கீர்த்திகா மட்டும் தட்டவில்லை. காரைக்கால் டவுனில் ஒரு தனியார் பள்ளியின் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அவள் பீரோவில் வைத்திருந்தாள். அன்று மாலையே அதைக் கிழித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சோறு போட்டாள்.

இப்படியாக எங்கள் மகள் இனியா உள்ளூர் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தாள். அதற்குத் தண்டனையாக என்னைப் பெற்றோர் குழுத் தலைவராக்கினார்கள். ஏகமனதாகத் தேர்வு என்று மினிட்ஸில் இருக்கும். அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்திருந்தது நாலே பேர், அதில் பேனா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

இனியாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் ஒன்றாம் வகுப்பைப் போனில் படித்தவள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த அந்த வருடம், என் போனைச் சுவரில் சாய்த்து வைத்து எதிரில் உட்கார்ந்துகொள்வாள். டீச்சர் சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வாள். பாதி நேரம் படம் உறைந்துபோகும், குரல் மட்டும் வரும். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே அவள் இரண்டாம் வகுப்புக்கு வந்தாள், மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், புள்ளி மாறாமல் ஒப்பிப்பாள். குடியரசு தினமா, ஆண்டு விழாவா, நான் எழுதிய உரையை இனியா சொல்வாள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடிப்பேன்.

மாலையில் நான் பேப்பர் படிக்கும்போது வந்து உட்கார்ந்துகொள்வாள். “சத்தமா வாசிங்கப்பா” என்பாள். என் மனுக்களை வாசித்துக் காட்டினால், “இன்னொரு தடவ வாசிங்கப்பா” என்பாள். வாசிப்பேன். “கடைசியா இன்னொரு தடவ.” மறுபடியும் வாசிப்பேன். என் எழுத்தின்மேல் பெற்ற மகளுக்கு இப்படி ஒரு மயக்கம் இருக்கிறதே என்று எனக்குள் ஒரு பெருமை. இதை அலுவலகத்தில் நான் சொல்லாத ஆள் கிடையாது.

இந்த வருடம் ஏப்ரல் நடுவில், இங்கே புது வகுப்பு ஏப்ரலிலேயே தொடங்கிவிடுவதால் அவள் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து நாள் ஆன சமயம், தலைமையாசிரியர் ரோஷன் பேகம் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினார். அவருக்குச் சொந்த ஊர் திருமலைராயன்பட்டினம். எங்கள் பள்ளிக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அதிகம் பேசமாட்டார், ஆனால் கவனிப்பார். அந்த இரண்டு விஷயத்திலும் எனக்கு நேர் எதிர்.

விஷயம் இதுதான். போன் வகுப்புக் காலத்தில் விட்டுப்போனது இன்னும் பல பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. அதற்குமேல் வருடா வருடம் கார்த்திகை, மார்கழியில் மழை வேறு நாட்களைத் தின்றுவிடுகிறது. எங்கள் பிராந்தியத்தில் மழைக்காலக் காலைகள் எப்படி விடியும் என்று வெளியாருக்குத் தெரியாது. நாகப்பட்டினத்துக்கு லீவு விட்டாச்சு, மயிலாடுதுறைக்கு விட்டாச்சு, நடுவில் இருக்கிற நமக்கு ஏன் இன்னும் விடவில்லை என்று பிள்ளைகள் பல்கூடத் துலக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன வருடம் அப்படிப் போனது மட்டும் பன்னிரண்டு நாள். ஆகவே கோடை விடுமுறையில் மூன்று வாரத்தைக் குறைத்து, மே மாதம் காலை எட்டரை முதல் பதினொன்றரை வரை வகுப்பு வைக்கலாம், பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் மேலிடத்தில் அனுமதி வாங்கிவிடலாம் என்பது தலைமையாசிரியரின் யோசனை.

நான் கொதித்துப்போனேன். குழந்தைகளின் குழந்தைமையைப் பறிப்பதா? அக்கினி நட்சத்திரத்தில் பிஞ்சுகளை வாட்டுவதா? பெற்றோர் வாட்ஸப் குழுவில் பதினொரு பத்திக்கு ஒரு செய்தி போட்டேன். யாரும் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று தலைவர் என்ற முறையில் கேட்டுக்கொண்டேன்.

உண்மைக் காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். என் மாமியார் வீடு வரிச்சிக்குடி. மே ஒன்றாம் தேதி கீர்த்திகாவும் இனியாவும் அங்கே போய்விடுவார்கள். பஸ்ஸில் போனாலும் சரி, பைக்கில் போனாலும் சரி, தூரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நான் ஆபீஸ் முடிந்து நேராக அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே தூங்கி, காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஆபீஸ் வருவேன். ஒரு மாதம் மாப்பிள்ளை. மாமியார் வைக்கும் நண்டுக் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது. குழந்தைகளின் உரிமைக்காக நான் கொதித்ததில் பாதிக்கு மேல் அந்தக் குழம்பின் கொதிதான்.

“சீட்டு குடுத்தாங்களா?” என்று இனியாவைக் கேட்டேன்.

“குடுத்தாங்கப்பா.”

“அது பையிலயே கெடக்கட்டும். அப்பா பாத்துக்கறேன்.”

அவள் ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். நான் அதற்குள் போனில் அடுத்த பத்திக்குப் போயிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் என் நண்பன் தெட்சிணாமூர்த்தி எனக்கு ஓர் ஆயுதம் அனுப்பினான். அவன் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். காலையில் எழுந்ததும் முந்நூறு பேருக்கு எதையாவது அனுப்பாமல் காபி குடிக்கமாட்டான். அன்று அனுப்பியது ஓர் அரசுச் சுற்றறிக்கை. கோடை விடுமுறையில் எந்தப் பள்ளியும் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது, மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும். முத்திரை, தேதி, கையொப்பம் எல்லாம் இருந்தது. படித்துவிட்டுத் தொடையில் தட்டினேன். ரோஷன் பேகம் மேடத்துக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று பரிதாபம்கூட வந்தது.

மனு தயாரானது. ஒரு தாளில் இரண்டு பக்கம். அடியில் சேர்க்க எண்பத்தேழு பெற்றோர் கையெழுத்து. எனக்கு அதோடு திருப்தி இல்லை. விடுமுறை பிள்ளைகளுடையது, ஆகவே பிள்ளையின் வாயாலேயே கேட்க வைப்போம் என்று இன்னொரு யோசனை வந்தது. ‘குழந்தைகளின் குரல்’ என்று தலைப்புப் போட்டு நாற்பத்து நான்கு வயதுக் குழந்தையான நான் எழுதியதை, பெற்றோர் கூட்டத்தில் இனியா நின்று வாசிப்பாள். மூன்று நாள் மாலை பயிற்சி. நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். மூன்றாம் நாள் தாளை அவள் கையில் கொடுத்தேன். அதைப் பார்த்தபடியே கடகடவென்று வாசித்தாள். முதல் பக்கம் முடிகிற இடத்தில் கச்சிதமாகத் திருப்பினாள். கீர்த்திகா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, “அவ தாளப் பாத்துத்தான் சொல்றாளா?” என்று கேட்டாள்.

“பின்ன, ஒன்னையா பாத்து சொல்றா?” என்றேன். என் நகைச்சுவைக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு வெள்ளைச் சட்டையில் போனேன். முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள், பெரும்பாலும் தாய்மார்கள். முன்வரிசையில் தையல்நாயகி. வயல் வேலைக்குப் போகிறவர், மகள் ஏழாம் வகுப்பு. கையெழுத்து வாங்கப் போனபோது, “நான் வேலைக்குப் போயிட்டா புள்ள வீட்ல தனியால்ல கெடக்குது. பள்ளிக்கொடத்துல இருந்தா நல்லதுதான சார்?” என்று கேட்டவர். நான் அரைமணி நேரம் பேசியதில், வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று அவர் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். அதையும் சம்மதம் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்குக் கால்மணி இருக்கும்போது, மரியாதைக்காகச் சுற்றறிக்கையைப் போனில் ரோஷன் பேகத்திடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“சார், மேல கோபுரம் இருக்கு பாருங்க.”

பார்த்தேன். கோபுரம் இருந்தது. தமிழ்நாட்டு அரசின் முத்திரை. எல்லையில் இருக்கிற வாஞ்சூர் தாண்டினால் செல்லும், எங்கள் ஊரில் பஜ்ஜி மடிக்க மட்டும் செல்லும். டிவி சென்னையிலிருந்து, பேப்பர் சென்னையிலிருந்து, போனில் வருவதெல்லாம் அங்கேயிருந்து. அவர்கள் லீவை நம் லீவு என்று எண்ணி ஏமாறுவது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரு தடவையாவது நடந்திருக்கும். ஆனால் பதினெட்டு வருடமாகப் புதுச்சேரி அரசின் சம்பளம் வாங்கி, அந்த அரசின் முத்திரையைத் தினம் நாற்பது தாளில் குத்துகிறவனுக்கு நடக்கலாமா?

“யாருகிட்டயும் சொல்லமாட்டேன் சார். அந்தப் பத்திய மட்டும் எடுத்துருங்க” என்றார். அவர் சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவசரமாகத் திருத்த வேண்டும். மனு முழுவதும் அந்தச் சுற்றறிக்கையைச் சுற்றியே கட்டப்பட்டிருந்தது. புதிதாக எழுதுவதுதான் வழி. வராந்தாவில் நின்றுகொண்டிருந்த இனியாவிடம், “ஒரு வெள்ளத்தாள் குடு, சீக்கிரம்” என்றேன். அவள் கோடு போட்ட நோட்டை எடுத்தாள். கோடு போட்ட தாளில் மனு எழுதினால் நீலகண்டன் சார் என்ன நினைப்பார்? பைக்குள் நாலாக மடித்த ஒரு தாள் தெரிந்தது. வெளிப்பக்கம் வெள்ளை. உருவினேன்.

“அப்பா, அது வேணாம்ப்பா.”

“சும்மா இரும்மா, நேரமாவுது.”

முதல் மூன்று வரியை அப்படியே வைத்துக்கொண்டு, மீதியை மாற்றி, ஒரே பக்கத்தில் எழுதி முடித்தேன். ஓரிடத்தில் பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. என்ன தாள் அச்சடிக்கிறார்கள் என்று திட்டிவிட்டு அந்த இடத்தைத் தாண்டி எழுதினேன். பழைய மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். புதியதை இனியா கையில் திணித்து, “பழசு வேணாம். இதுல உள்ளத வாசி” என்றேன். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

இனியா எழுந்து நின்றாள். வணக்கம் சொன்னாள். முதல் மூன்று வரியும் வெண்கலக் குரலில் வந்தன. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

நாலாவது வரியில் நிமிர்ந்தேன். “விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்துவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று அரசே எச்சரித்திருப்பதைத் தலைமையாசிரியர் அவர்கள் அறியாதது வியப்பளிக்கிறது” என்று என் மகள் கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தாள். தாள் மாறிவிட்டதோ என்று சட்டைப்பையைத் தொட்டேன். பழைய மனு என்னிடம்தான் இருந்தது. அவள் கண் தாளின்மேல் இடமிருந்து வலமாக ஓடியது, ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு இறங்கியது. வாய் மட்டும் அந்தத் தாளில் இல்லாததைச் சொன்னது.

பிறகு, பழைய மனுவில் முதல் பக்கம் எங்கே முடியுமோ அந்த இடத்தில், அவள் தாளைத் திருப்பினாள்.

நான் ஒரு பக்கம்தான் எழுதியிருந்தேன்.

‘சத்தமா வாசிங்கப்பா’, ‘இன்னொரு தடவ வாசிங்கப்பா’ என்று ஐந்து வருடமாக அவள் கேட்டதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் வந்து விழுந்தது. என் எழுத்தின்மேல் மயக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் மகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை. அதை முப்பது பேர் நடுவில், நானே ஏற்பாடு செய்து, நானே முன்வரிசையில் உட்கார்ந்து தெரிந்துகொள்கிறேன்.

அவள் முடித்ததும் ரோஷன் பேகம் முதல் ஆளாகக் கைதட்டினார். தையல்நாயகி கை தூக்கினார்.

“எந்த அரசாங்கம் சார் எச்சரிச்சிருக்கு? எங்கக்கா மொவளுக்கு நாகூர்ல பள்ளிக்கொடம். அந்த உத்தரவு அவுங்களுக்குல்ல வந்துச்சு. நமக்கு எதுக்கு அது?”

கூட்டம் சிரித்தது. இனியா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நான் எழுந்தேன். வாழ்க்கையிலேயே முதல்முறையாக மிகச் சுருக்கமாகப் பேசினேன்.

“புள்ள மேல தப்பில்ல. நான்தான் தாள மாத்திக் குடுத்துட்டேன். உத்தரவையும் பாக்காம எழுதிட்டேன்.”

“சரி வுடுங்க சார், கெளார்க்குன்னா கையெழுத்துப் போடத்தான, படிக்கவா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு. சிரிக்கட்டும் என்றிருந்தது. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறவரைக்கும் அவளை யாரும் பார்க்கப்போவதில்லை. எண்பத்தேழு கையெழுத்தை மேசைமேல் வைக்கச் சொன்னபோது, திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. துறைமுகத்து நிலக்கரி வண்டி வரும், வந்தால் சீக்கிரம் முடியாது. பைக்கை அணைத்தேன். பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

“அப்பா, நான் மாத்திச் சொல்லிட்டனா?”

“ஆமாம்மா.”

“எந்த எடத்துல?”

“புதுசா எழுதுனது வேறம்மா” என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் தாள் கசங்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள். “நீங்க இத வாசிச்சுக் காட்டவே இல்லையேப்பா.”

வண்டி வந்தது. ஒவ்வொரு பெட்டியாக எங்களைத் தாண்டிப் போயிற்று. சத்தத்தில் பேச முடியாதது எனக்கு வசதியாக இருந்தது. அழுததாகச் சொன்னால் நீங்கள் நம்பலாம், நிலக்கரித் தூசி என்று நான் அவளிடம் சொன்னேன்.

வண்டி போன பிறகு, “எழுத்தெல்லாம் தெரியும்ப்பா. ஒண்ணு ஒண்ணா தெரியும். சேந்து வந்தா, முதல்ல உள்ளது என்னான்னு மறந்துடுது” என்றாள். “டீச்சர் எழுந்து வாசிக்கச் சொல்லும்போது, எனக்கு முன்னாடி உள்ளவங்க வாசிக்கறதக் கேட்டுக்குவேன்.”

“அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?”

“எல்லார்ட்டயும் என்னய நல்லா வாசிக்கறான்னு சொல்லிட்டீங்களேப்பா.”

கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பைக்கை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, அவள் கையில் கசங்கியிருந்த தாளை வாங்கினேன். என் அழகான கையெழுத்துப் பக்கத்தைத் திருப்பினேன். அது பள்ளியில் கொடுத்த சம்மதச் சீட்டு. ‘மாணவர் எழுத வேண்டியது: எனக்கு எதில் உதவி வேண்டும்?’ என்ற அச்சு வரிக்குக் கீழே, பென்சிலில், கோணல்மாணலாக ஒரே ஒரு சொல் இருந்தது. ‘வாசிக்க.’ எழுதி அழித்து, எழுதி அழித்து, அந்த இடம் நைந்துபோயிருந்தது. அதன் நடுவில் என் பேனா போட்ட ஓட்டை.

பெற்றோர் கையொப்பம் என்ற இடம் காலியாக இருந்தது. பைக்கின் டேங்கில் வைத்துப் போட்டேன். என் கையெழுத்துக்கு இரண்டு சுழியும் அடியில் ஒரு வாலும் உண்டு. அன்றைக்கு வால் வரவில்லை.

பள்ளிக்குத் திரும்பினோம். கூட்டம் கலைந்திருந்தது. ரோஷன் பேகம் அலுவலக அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். இனியாவையே கொடுக்கச் சொன்னேன். அவர் வாங்கி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார்.

“ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?” என்று கேட்டேன்.

“பிப்ரவரியிலேர்ந்து சந்தேகம் சார். பொஸ்தகத்துல வேற பக்கத்த விரிச்சுக் குடுத்தேன். அப்பவும் பழைய பாடத்தையே அழகா சொன்னா. ஒங்ககிட்ட சொல்றதுக்கு ரெண்டு தடவ வந்தேன்.”

“எங்கிட்டயா?”

“ரெண்டு தடவையும் நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க சார்.”

எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு தடவை ஆண்டு விழா வரவேற்புரையைப் பற்றி. இன்னொரு தடவை எதைப் பற்றி என்று ஞாபகம் வரவில்லை, ஆனால் நெடுநேரம் பேசினேன் என்பது மட்டும் நிச்சயம்.

அவர் தாளை இரண்டு பக்கமும் திருப்பினார். ஒரு பக்கம் வகுப்பு வேண்டாம் என்று நான், மறுபக்கம் வேண்டும் என்று அவள். “இதுல எந்தப் பக்கத்த ஃபைல்ல வெக்கட்டும் சார்?”

“அவ பக்கத்த வைங்க மேடம்.”

“அப்ப இந்தப் பக்கம்?” என்று இனியாவைப் பார்த்தார். “இத ஒங்கப்பா வாசிச்சுக் காட்டலதான? அப்ப சரி. ஒரு ஜெராக்ஸ் எடுத்து எங்கிட்ட வெச்சுக்கறேன். மே மாசக் கடைசில நீ எனக்கு இத வாசிச்சுக் காட்டணும்.” இனியா தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து கீர்த்திகாவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. அன்று சோறு போடும்போது தட்டுக்குப் பக்கத்தில் எதையும் கிழித்து வைக்கவுமில்லை. “நானும் இத்தன வருஷமா பக்கத்துல படுத்துத் தூங்குறேன், எனக்கும் தெரியலயேங்க” என்றாள். அதைக் கேட்டபோதுதான் நான் அதிகமாக உடைந்துபோனேன்.

திங்கட்கிழமை வீடு வீடாகப் போனேன். எண்பத்தேழு கையெழுத்தையும் வாங்கியவனே திருப்பிக் கொடுக்கப் போகிற காட்சியை ஊர் நன்றாக ரசித்தது. தையல்நாயகி வீட்டு வாசலில், “வகுப்பு வேணும்னு இப்ப நானே சொல்றேங்க” என்றேன். “அதத்தான சார் நான் அன்னிக்கே சொன்னேன்? அப்ப என்னமோ கொழந்தைமன்னு சொன்னீங்க, எனக்கு ஒண்ணும் புரியல, பெரிய விசயம்போலன்னு போட்டேன்” என்றார். எல்லாரும் சம்மதிக்கவில்லை. வெளியூர் போகிறவர்கள் போனார்கள், அவர்கள் சொன்ன காரணங்களிலும் நியாயம் இருந்தது. ஆகவே எல்லாருக்கும் விடுமுறையைக் குறைப்பது என்ற பேச்சு போய், வேண்டியவர்கள் வரலாம் என்று முடிவாயிற்று. நாற்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். வெயிலைப் பற்றி நான் எழுதியது மட்டும் பொய்யில்லை. பதினொன்றரைக்கு வெளியே வரும்போது முகமெல்லாம் சிவந்திருக்கும். இரண்டு நாள் மின்சாரம் போய், வேப்பமரத்தடியில் வகுப்பு நடந்தது.

வரிச்சிக்குடிப் பயணம் ரத்து. மாமியார் ஒருநாள் தூக்குவாளியில் நண்டுக் குழம்பு கொடுத்தனுப்பினார். நல்ல குழம்பு. எனக்குத்தான் அவ்வளவாக இறங்கவில்லை, மூன்று தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

வகுப்பின் கடைசி நாள், ரோஷன் பேகம் என்னையும் வரச் சொன்னார். அறையில் நாங்கள் மூன்று பேர்தான். ஜெராக்ஸை இனியா முன்னால் வைத்தார். நான் கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன்.

மனப்பாடமாகியிருந்த முதல் மூன்று வரியைத் தாண்டி, நாலாவது வரியின் முதல் சொல்லின்மேல் அவள் விரலை வைத்தாள். “கு… ழந்… தை… க… ளி… ட… மி… ருந்… து…” நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து போய், சேர்த்துப் பிடித்தாள். “குழந்தைகளிடமிருந்து.” அடுத்த சொல்லுக்குப் போனாள். “வி… டு… மு… றை… யை…” மேலுதட்டில் வியர்வை பூத்தது. எனக்கு வாய் துறுதுறுத்தது. அந்த வாக்கியம் முழுவதும் எனக்கு மனப்பாடம். ஒரு தடவை சொன்னால் போதும், அவள் பிடித்துக்கொள்வாள். ரோஷன் பேகம் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

‘குழந்தைகளிடமிருந்து விடுமுறையைப் பறிப்பதென்பது அவர்தம் வளமான எதிர்காலத்தையே வேரோடு பறித்தெறிவதற்கு ஒப்பாகும் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம்.’ இதுதான் வாக்கியம். எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் அதில் ஒவ்வொரு எழுத்தாக ஏறிக்கொண்டிருந்தாள். ‘பறித்தெறிவதற்கு’ என்ற இடத்தில் மூன்று முறை வழுக்கினாள். மூன்று முறையும் திரும்பி வந்தாள். எத்தனையோ வருடமாக எழுதுகிறேன், இவ்வளவு நீளமாக ஒரு வாக்கியத்தை எழுதியதற்காக அன்றுதான் என் கையை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நாலு நிமிடம் ஆயிற்று. ‘கொண்டுவருகிறோம்’ என்று முடித்து, முற்றுப்புள்ளியின்மேல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பு. பிறகு அந்த வரியை இன்னொரு தடவை பார்த்தாள்.

“அப்பா, இதுல நீங்க என்னா சொல்ல வர்றீங்க?”

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல் இருந்த இடத்திலிருந்து நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

“ஒண்ணுமில்லம்மா” என்றேன். “அடுத்த வரிய வாசி.”